பிளாகரிலிருந்து ஹியூகோவுக்கு: நிலைத்தள உருவாக்கியில் வலைப்பதிவைத் தொடங்குவது எப்படி?

பிளாகரில் பல ஆண்டுகளாக எழுதிவரும் நீங்கள், நிரல் எழுதிப் பழக்கமில்லாத ஒருவர் ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர் எனப்படும் நிலைத்தள உருவாக்கியைக் கொண்டு வலைப்பதிவு நடத்த முடியுமா, முடியுமென்றால் எதைத் தேர்ந்தெடுத்து எங்கிருந்து தொடங்குவது, பழைய பதிவுகளையும் பின்னூட்டங்களையும் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஹியூகோ என்ற உருவாக்கியைத் தேர்ந்தெடுங்கள், அழகான தீம் (தளத்தின் தோற்றத்துக்கான வார்ப்புருத் தொகுப்பு) தேடும் வேலையை ஒத்திவையுங்கள், பழைய பதிவுகளில் இரண்டு மூன்றை மட்டும் கையால் மாற்றி, முதல் நாளிலேயே தளத்தை இணையத்தில் ஏற்றிவிடுங்கள். எந்தக் கருவி என்பது பின்னாளில் மாறக்கூடியது. உங்கள் எழுத்து வெற்று உரைக்கோப்புகளாக உங்கள் கையில் இருப்பதும், ஒரு பதிவுக்குக் கொடுத்த முகவரி என்றும் மாறாமல் இருப்பதும்தான் மாறக்கூடாதவை. கீழே சொல்வதில் பெரும்பகுதி இந்த இரண்டையும் காப்பதைப் பற்றியதே. ஒரு விலக்கையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கைப்பேசியில் மட்டுமே எழுதுபவர், கணினியைத் திறப்பதையே சுமையாக நினைப்பவர், பிளாகரிலோ வேர்ட்பிரஸ்ஸிலோ தொடர்வதே நல்லது. கைப்பேசியிலிருந்தும் நிலைத்தளத்தை நடத்த வழிகள் உண்டென்றாலும், அவை எழுதும் நேரத்தைத் தின்றுவிடும்.

வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளில் உங்கள் கட்டுரை தரவுத்தளத்தில் இருக்கிறது. வாசகர் பக்கத்தைக் கேட்கும்போது சர்வரில் இருக்கும் பிஎச்பி நிரல் அந்தத் தரவுத்தளத்தைத் தேடி, வார்ப்புருவோடு சேர்த்து, எச்டிஎம்எல் பக்கமாக்கி அனுப்புகிறது. நிலைத்தள உருவாக்கியில் இந்த வேலை முழுவதும் உங்கள் கணினியிலோ ஓர் இடைநிலைச் சர்வரிலோ முன்கூட்டியே, ஒரே தடவை நடந்து முடிந்துவிடுகிறது. வாசகர் கேட்கும்போது ஆயத்தமாக இருக்கும் கோப்பு அப்படியே போகிறது. இயங்குவதற்கு நிரலும் தரவுத்தளமும் இல்லாததால் அவற்றைக் குறிவைக்கும் உடைப்புகளுக்கு இங்கே இடமில்லை, மாதாமாதம் இற்றைப்படுத்தும் வேலையும் இல்லை, இலவச இடங்களிலேயே தளத்தை வைத்துக்கொள்ள முடிகிறது. இதற்கு ஈடாக, வாசகர் எழுதி உடனே பதிவாக வேண்டிய எதுவும் (பின்னூட்டம், தேடல், வாக்கெடுப்பு) தானாக வராது. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

இந்த முறை புதிதல்ல. 2001இல் வந்த மூவபிள் டைப் பதிவுகளை நிலையான பக்கங்களாகவே உருவாக்கியது. இன்று நாம் அறியும் வடிவத்தைப் பரப்பியது 2008இல், நிரல்கோப்புகளைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் நிறுவனர்களுள் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் ரூபி மொழியில் எழுதிய ஜெகில். 2013இல் ஸ்டீவ் ஃபிரான்சியா கோ மொழியில் ஹியூகோவைத் தொடங்கினார். பின்னர் அதன் முதன்மைப் பொறுப்பை பியோர்ன் எரிக் பெடர்சன் ஏற்றார். பைத்தான் அறிந்தவர்களுக்குப் பெலிக்கனும், ஜாவாஸ்கிரிப்ட் அறிந்தவர்களுக்கு இலெவன்ட்டியும் இருக்கின்றன, இரண்டுமே நல்லவை. நான் ஹியூகோவைச் சொல்வதற்குக் காரணம் அதன் வேகம் அன்று. சில நூறு பதிவுகள் உள்ள தளத்துக்கு எதுவும் போதிய வேகம்தான். ஜெகிலை நிறுவ ரூபியும் அதன் துணைத்தொகுப்புகளும், இலெவன்ட்டிக்கு ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோடும் அதன் துணைத்தொகுப்புகளும் வேண்டும். இரண்டாண்டு கழித்துப் புதுக் கணினியில் அவற்றை மறுபடி ஒன்றோடொன்று பொருத்துவது நிரலாளர் அல்லாதவருக்குத் தலைவலி. ஹியூகோவோ ஒரே ஓர் இயங்கு கோப்பு. அதை ஒரு பென்டிரைவில் பதிவுகளோடு சேர்த்து வைத்துக்கொண்டால், எந்தக் கணினியிலும் அதே தளத்தை அப்படியே உருவாக்கலாம். அதன் குறை, வார்ப்புரு மொழி படிக்கக் கடினமானது. தொடக்கத்தில் நீங்கள் அதைத் தொட வேண்டியதில்லை.

மென்பொருள் நிறுவும் கருவிகளான விங்கெட் வழியாக விண்டோஸ் 11இலும், ஹோம்புரூ வழியாக மேக்கிலும் ஹியூகோவை நிறுவலாம். உபுண்டுவில் அதே வகைக் கருவியான ஆப்ட்டின் களஞ்சியத்தில் கிடைப்பது பெரும்பாலும் பழைய பதிப்பாக இருக்கும். நீங்கள் எடுக்கும் தீம் அதைவிடப் புதிய பதிப்பைக் கேட்டு இயங்க மறுக்கும். ஆகவே ஸ்னாப் என்ற இன்னொரு நிறுவுகருவி வழியாக நிறுவுங்கள், அல்லது ஹியூகோவின் கிட்ஹப் பக்கத்திலிருந்து கோப்பை நேரடியாக இறக்குங்கள். எக்ஸ்டெண்டட் என்று குறிக்கப்பட்ட பதிப்பையே எடுங்கள், பல தீம்களுக்கு அது தேவைப்படும். இனிக் கட்டளைகளை ஒலிப்பில் குறிப்பிடுகிறேன். கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரமான டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இட வேண்டும். 'ஹியூகோ நியூ சைட்' என்று இட்டு உங்கள் தளத்துக்கு ஒரு பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயரில் ஓர் அடைவு உருவாகும். அதற்குள் பல உள்ளடைவுகள் இருக்கும். இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியவை மூன்று. பதிவுகள் இருக்கும் 'கன்டென்ட்', படமும் எழுத்துருவும் போன்றவற்றை மாற்றமின்றி வைக்கும் 'ஸ்டாட்டிக்', தீம் இருக்கும் 'தீம்ஸ்'. 'ஹியூகோ சர்வர்' என்று இட்டால் உங்கள் கணினியிலேயே 1313ஆம் போர்ட்டில் (உலாவியில் 'லோக்கல்ஹோஸ்ட்:1313' என்ற முகவரியில்) தளம் தெரியும்; கோப்பைச் சேமித்தவுடன் உலாவியில் பக்கம் தானே மாறும். வரைவுகளும் தெரிய வேண்டுமானால் கட்டளையின் முடிவில் கோடிட்டுப் பெரிய 'டி' எழுத்தைச் சேர்க்க வேண்டும்.

தளத்தின் அமைப்புகள் 'ஹியூகோ.டோமல்' என்ற ஒரே கோப்பில் இருக்கின்றன. 2023க்கு முந்தைய வழிகாட்டிகள் இதையே 'கன்ஃபிக்.டோமல்' என்று குறிப்பிடும், குழம்ப வேண்டாம். அதில் மொழி அமெரிக்க ஆங்கிலம் என்று இருக்கும். அதைத் தமிழுக்குரிய 'டிஏ' குறியாக மாற்றுங்கள். பக்கம் தமிழில் இருப்பதாகத் தேடுபொறிக்கும் திரைவாசிப்பானுக்கும் தெரிவிப்பது இந்தக் குறிதான்; இது தவறாக இருந்தால் பார்வையற்ற வாசகரின் கருவி தமிழ் எழுத்தை ஆங்கிலக் குரலில் படிக்க முயலும். பட்டியல் பக்கங்களின் தலைப்பை ஆங்கில முறைப்படி பன்மையாக்கும் இயல்பு ஹியூகோவில் உண்டு, அதையும் அணைத்துவிடுங்கள். நேர மண்டலத்தை 'ஏசியா/கொல்கத்தா' என்றோ 'ஏசியா/கொழும்பு' என்றோ இடுங்கள். இந்தக் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதனால் வரும் சிக்கல் வினோதமானது.

ஒவ்வொரு பதிவும் ஒரு மார்க்டவுன் கோப்பு, அதாவது தலைப்பு, தடிப்பு போன்றவற்றை எளிய குறிகளால் காட்டும் வெற்று உரைக்கோப்பு. அதன் தலையில் தலைப்பு, நாள், குறிச்சொற்கள், வரைவா இல்லையா என்பவை முன்குறிப்பாக இருக்கும். ஹியூகோவின் கட்டளையால் புதிய பதிவைத் தொடங்கினால் அது வரைவு என்றே குறிக்கப்பட்டிருக்கும். அதைப் 'ஃபால்ஸ்' என்று மாற்றாதவரை தளத்தில் வராது. அதேபோல, நாள் எதிர்காலத்தில் இருந்தாலும் பதிவு வராது, பிழைச்செய்தியும் வராது. காலை ஒன்பது மணிக்கு எழுதி, முன்குறிப்பில் அந்த நேரத்தைக் கையால் இட்டு, நேர மண்டலத்தைக் குறிப்பிடாமல் விட்டால், ஹியூகோ அதைக் கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். நமக்கு அது பிற்பகல் 2.30. அதுவரை உங்கள் பதிவு எதிர்காலத்துக்கு உரியது, ஆகவே காணாமல் போகும். நேரத்தின் முடிவில் +05:30 என்று சேர்ப்பதோ, மேலே சொன்ன அமைப்பை இடுவதோ இதைத் தீர்க்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: நாளைக்கென்று நாள் குறித்து வைத்த பதிவு நாளை தானாக வெளிவராது. இயங்கும் நிரல் எதுவும் சர்வரில் இல்லை என்பதால், யாராவது, அல்லது ஏதாவது ஒரு காலமுறைப் பணி, தளத்தை மறுபடி உருவாக்கினால்தான் அது வரும்.

மார்க்டவுனை 2004இல் ஜான் குரூபர் வெளியிட்டார். ஆங்கில மின்னஞ்சல்களில் மக்கள் எழுதிவந்த பழக்கத்தை ஒட்டியே அதன் குறிகள் அமைந்தன, ஆகவே தமிழில் எழுதுகிறவர் சில இடங்களில் இடறுவார். முதலாவது, செய்யுள். கோப்பில் வரியை மடக்கி எழுதினாலும் மார்க்டவுன் அதைத் தொடர் வரியாகவே கொள்ளும். வெண்பாவின் நான்கடியும் ஒரே பத்தியாக ஓடிவிடும். ஒவ்வோர் அடியின் முடிவிலும் இரண்டு இடைவெளியோ ஒரு பின்சாய்கோடோ இட்டால் அடி பிரியும். இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, சில திருத்திகள் சேமிக்கும்போது அதை நீக்கியும்விடும் என்பதால் நான் சாய்கோட்டையே விரும்புவேன். அதிகமாகக் கவிதை எழுதுபவர், வரி முறிவை அப்படியே காக்கும் 'ஹார்ட்ராப்ஸ்' அமைப்பை இயக்கிவிடலாம்; ஆனால் அதன்பின் உரைநடையையும் இடையில் மடக்காமல் எழுத வேண்டும்.

இரண்டாவது, தடித்த எழுத்து. நாம் சொல்லோடு உருபை ஒட்டி எழுதுகிறோம். மார்க்டவுனில் ஒரு சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு உடுக்குறி (நட்சத்திரக் குறி) இட்டால் அது தடிக்கும். குறள் என்பதை அப்படி உடுக்குறிகளுக்குள் வைத்து, மூடும் குறியை ஒட்டி 'இல்' என்று எழுதினால் குறள் என்பது மட்டும் தடிக்கும், சிக்கலில்லை. ஆனால் அதே சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்து, மேற்கோள் குறிகளையும் உடுக்குறிகளுக்குள் அடக்கி, 'இல்' என்று ஒட்டி எழுதினால் தடிப்பு வேலை செய்யாது, உடுக்குறிகள் அப்படியே பக்கத்தில் தெரியும். மூடும் உடுக்குறிக்கு முன்னால் நிறுத்தக்குறியும் பின்னால் எழுத்தும் இருந்தால் அதை மூடும் குறியாகக் கொள்ளக்கூடாது என்பது, 2014 முதல் உருவாகி இன்று பெரும்பாலான கருவிகள் பின்பற்றும் காமன்மார்க் வரையறையின் விதி. ஹியூகோவுக்குள் இருந்து மார்க்டவுனை எச்டிஎம்எல்லாக மாற்றும் கோல்ட்மார்க்கும் அதையே பின்பற்றுகிறது. மேற்கோள் குறியைத் தடிப்புக்கு வெளியே வைத்துவிட்டால் சரியாகும். சாய்வெழுத்துக்கு அடிக்கோட்டைப் பயன்படுத்தினால், உருபு ஒட்டிய எந்தச் சொல்லிலும் அது வேலை செய்யாது, உடுக்குறியையே பயன்படுத்துங்கள். சொல்லப்போனால் தமிழில் சாய்வெழுத்தையே தவிர்க்கலாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியாக வரைந்த சாய்வு வடிவம் இல்லை. உலாவி நேரெழுத்தைச் செயற்கையாகச் சாய்த்துக் காட்டும்போது சுழிகள் அலங்கோலமாகின்றன.

மூன்றாவது பிளாகரிலிருந்து வருபவர்களுக்குரியது. அங்கே யூடியூப் காணொளியின் எச்டிஎம்எல் துண்டை ஒட்டிப் பழகியிருப்பீர்கள். ஹியூகோ மார்க்டவுனுக்குள் வரும் எச்டிஎம்எல்லைப் பாதுகாப்புக் கருதி இயல்பாகவே விலக்கிவிடும், ஒட்டியது மறைந்துபோகும். காணொளிக்கென்று அதற்குள்ளேயே ஒரு சுருக்குக்குறி இருக்கிறது, காணொளியின் அடையாள எண்ணை மட்டும் கொடுத்தால் போதும். தளத்தில் எழுதுபவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால், வேண்டுமானால் 'அன்சேஃப்' என்ற அமைப்பை இயக்கி எச்டிஎம்எல்லை அனுமதிக்கவும் செய்யலாம். பெயர் அச்சுறுத்தினாலும் தனியாள் தளத்தில் ஆபத்தில்லை.

முகவரிக்கு வருவோம். கோப்பின் பெயரே பதிவின் முகவரியாக ஆகும் என்பதால், கோப்புக்குத் தமிழில் பெயரிட்டால் முகவரியும் தமிழில் வரும். உலாவியின் முகவரிப் பட்டையில் அது அழகாகவே இருக்கும். நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போதுதான் அதன் உண்மை உருவம் தெரியும். ஒரு தமிழ்க் குறி யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டு; ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாகும். 'தமிழ்' என்ற சொல்லில் கணினிக்கு ஐந்து குறிகள் உள்ளன, ஆகவே அது நாற்பத்தைந்து எழுத்துகளாக நீளும். ஐந்து சொல் தலைப்பு என்றால் முகவரி அரைப் பக்கத்தை நிரப்பும், சில மின்னஞ்சல் செயலிகளில் இடையில் முறியும். தமிழ் முகவரிதான் கொள்கை என்று நிற்பவர்களை நான் மதிக்கிறேன், தொழில்நுட்பரீதியாக அதில் தவறும் இல்லை. ஆனால் பகிரப்பட வேண்டும் என்று எழுதுபவருக்கு, முன்குறிப்பில் 'ஸ்லக்' என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்களாலான ஒரு குறும்பெயரைக் கொடுப்பதே என் பரிந்துரை. எதைத் தேர்ந்தாலும், முகவரியிலுள்ள ஒலிக்குறிகளை நீக்கும் 'ரிமூவ் பாத் ஆக்சென்ட்ஸ்' என்ற அமைப்பை மட்டும் இயக்கிவிடாதீர்கள். பிரெஞ்சு எழுத்தின் மேற்குறிகளை நீக்க வந்த அது, நம் புள்ளியையும் ஈகாரக் குறியையும் அதே வகையாகக் கருதி உதிர்த்துவிடும்.

தீம் தேர்வில் நாள்கணக்காக மூழ்குவதுதான் இந்தத் துறையின் தீராத நோய். எளிமையான, பரவலாகப் பயன்படும் ஒன்றை, எடுத்துக்காட்டாகப் பேப்பர்மாடை, எடுத்துக்கொள்ளுங்கள். அதை 'தீம்ஸ்' அடைவில் வைக்கும்போது, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில் சப்மாட்யூலாக (வேறொரு களஞ்சியத்துக்கான இணைப்பாக) சேர்க்க வேண்டும், அல்லது கோப்புகளை மட்டும் நகலெடுத்து உள்ளிருக்கும் கிட் அடைவை நீக்கிவிட வேண்டும். கிட் வழியாக வெறுமனே குளோன் செய்து (களஞ்சியத்தை முழுதாக நகலெடுத்து) விட்டுவிட்டால் உங்கள் கணினியில் எல்லாம் சரியாகத் தெரியும். மேலே ஏற்றியபின் தீம் அடைவு அங்கே வெறுமையாக இருக்கும், தளமும் வெற்றுப் பக்கமாக வரும். தீமின் கோப்புகளை நேரடியாகத் திருத்தாதீர்கள். மாற்ற வேண்டிய கோப்பை மட்டும் உங்கள் தளத்தின் 'லேஅவுட்ஸ்' அடைவில் அதே பாதையில் நகலெடுத்து மாற்றினால், ஹியூகோ உங்களுடையதையே முதலில் எடுத்துக்கொள்ளும்.

தீம்கள் பெரும்பாலும் லத்தீன் எழுத்தை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், ஹிந்த் மதுரை, மீரா இனிமை ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன; ஒன்றை இறக்கி 'ஸ்டாட்டிக்' அடைவிலேயே வைத்து, வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள். தலைப்புகளில் எழுத்து இடைவெளியை மாற்றும் சிஎஸ்எஸ் விதி (பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் வரி) இருந்தால் நீக்கிவிடுங்கள். தமிழில் அது உயிர்மெய்யின் உறுப்புகளைப் பிரித்துப் போடும். நாள் ஆங்கில மாதப் பெயரோடு வந்தால், தீம் கோ மொழியின் பழைய நாள் வடிவமைப்பைப் பயன்படுத்துகிறது என்று பொருள். 'டைம்.ஃபார்மட்' என்ற செயற்கூறாக அதை மாற்றினால், அமைப்புக் கோப்பில் இயல்பு மொழியைக் குறிக்கும் 'டிஃபால்ட் கன்டென்ட் லாங்குவேஜ்' என்பதும் 'டிஏ' என்றிருக்கும் தளத்தில் மாதம் தமிழில் வரும். பதிவின் தலையில் 'நான்கு நிமிட வாசிப்பு' என்பதுபோல் காட்டும் கணக்கை நம்ப வேண்டாம். ஹியூகோ நிமிடத்துக்கு 213 சொற்கள் என்று கொள்கிறது. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்களாக வருவதை நாம் ஒரே சொல்லாக ஒட்டி எழுதுவதால், தமிழ்க் கட்டுரைக்கு அது எப்போதும் குறைத்தே காட்டும். அதை எடுத்துவிடலாம்.

வெளியிடுவதற்கு கிட்ஹப் பேஜஸ், நெட்லிஃபை, கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் மூன்றும் இலவசமாக இடம் தருகின்றன. கிட்ஹப்பில் வெளியிடப்படும் தளம் ஒரு ஜிகாபைட்டுக்கு மிகக் கூடாது என்றும், மாதப் போக்குவரத்து 100 ஜிகாபைட் அளவில் இருக்கலாம் என்றும் வரம்பு உண்டு. எழுத்தை முதன்மையாகக் கொண்ட வலைப்பதிவு அதைத் தொடுவது அரிது. ஜெகிலை கிட்ஹப் தானாகவே புரிந்துகொள்ளும். ஹியூகோவுக்கு, பணிகளைத் தானாக இயக்கும் வசதியான கிட்ஹப் ஆக்ஷன்ஸில் ஒரு பணிக்கோப்பு வேண்டும். ஹியூகோவின் ஆவணத்தில் அது ஆயத்தமாக இருக்கிறது, அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். அதில் ஹியூகோவின் பதிப்பு எண் குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் கணினியில் உள்ள அதே எண்ணை அங்கே இட்டு, காரணமின்றி மாற்றாதீர்கள். ஹியூகோவின் பதிப்பு எண் இன்னும் ஒன்றைத் தொடவில்லை. புதிய பதிப்புகளில் பழைய செயற்கூறுகள் நீங்குவதுண்டு. 2025இல் வந்த 0.146 பதிப்பு வார்ப்புரு அடைவுகளின் அமைப்பையே மாற்றியது. நன்றாக ஓடும் தளத்தை ஆண்டுக்கு ஒரு தடவை நிதானமாக இற்றைப்படுத்தினால் போதும்.

ஏற்றியபின் எழுத்து மட்டும் வந்து வண்ணமும் வடிவமும் வராவிட்டால், அமைப்புக் கோப்பில் தளத்தின் முகவரியைக் குறிக்கும் 'பேஸ்யூஆர்எல்' தவறாக இருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். உங்கள் தளம் பயனர்பெயருக்குப் பின் ஓர் உள்முகவரியில் இருந்தால் அந்த உள்முகவரியும், இறுதிச் சாய்கோடும் அதில் இருக்க வேண்டும். கட்டணமில்லாக் கிட்ஹப் கணக்கில் பேஜஸ் வசதி பொதுக் களஞ்சியங்களுக்கு மட்டுமே கிடைக்கும் என்பதையும் மறவாதீர்கள். வரைவு என்று குறித்த பதிவு தளத்தில் வராது, ஆனால் களஞ்சியத்தைத் திறந்து பார்க்கும் எவருக்கும் தெரியும். முன்பு எழுதி நீக்கிய வரிகளும் கிட்டின் வரலாற்றில் இருக்கும். வெளிவராத கதையை வைத்திருப்பவர்கள் தனிப்பட்ட களஞ்சியத்தை ஏற்கும் மற்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கே வைத்தாலும் சொந்த டொமைன் ஒன்றை வாங்கிவிடுங்கள். இடம் கொடுப்பவர் விதியை மாற்றினால் கோப்புகளை வேறிடத்தில் வைத்து டொமைனை அங்கே திருப்பிவிடலாம். வாசகருக்கு முகவரி மாறாது.

பின்னூட்டத்துக்கு எளிய விடை இல்லை. பின்னூட்டச் சேவையான டிஸ்கஸைச் சேர்ப்பது ஹியூகோவில் ஒரு வரி வேலைதான், ஆனால் அது பக்கத்தைக் கனமாக்கும், விளம்பரத்தையும் பின்தொடரும் நிரல்களையும் கொண்டுவரும். கிட்ஹப் விவாதங்களைப் பயன்படுத்தும் கிஸ்கஸ் தூய்மையானது, ஆனால் எழுதுபவருக்குக் கிட்ஹப் கணக்கு வேண்டும். இலக்கியமோ சமையலோ படிக்க வரும் வாசகரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு பதிவின் கீழும் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, வரும் கடிதங்களில் பொருளுள்ளவற்றை அனுப்பியவரின் இசைவோடு பதிவின் அடியில் சேர்ப்பது பழைய சிற்றிதழ் வழக்கம். நிலைத்தளத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. தேடலுக்குப் பேஜ்ஃபைண்ட் என்ற கருவி இருக்கிறது. தளம் உருவானபின் பக்கங்களைப் படித்து ஒரு சொல்லடைவை உருவாக்கி வைக்கும், தேடல் வாசகரின் உலாவியிலேயே நடக்கும். செய்தியோடையையும் தள வரைபடத்தையும் ஹியூகோ தானே உருவாக்கிவிடுவதால் அவற்றுக்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.

இனிப் பழைய பதிவுகள். பிளாகரின் காப்புப்பிரதியை எடுத்தால் பதிவுகளும் பின்னூட்டங்களும் எக்ஸ்எம்எல் வடிவக் கோப்பாக வரும். படங்கள் அந்தக் கோப்பில் இரா, அவற்றின் இணைப்புகள் மட்டுமே இருக்கும். ஆகவே மாற்றியபின்னும் படங்கள் கூகுளின் சர்வரிலிருந்தே வந்துகொண்டிருக்கும், எல்லாம் முடிந்ததாகத் தோன்றும். அவற்றை இறக்கி, பதிவுக்கு ஓர் அடைவு என்று வைத்து, பதிவின் கோப்புக்கு 'இண்டெக்ஸ்' என்று பெயரிட்டுப் படங்களையும் அதே அடைவில் வைத்தால், ஹியூகோ அவற்றைச் சேர்த்தே கையாளும். எக்ஸ்எம்எல்லைப் பிரிக்க ஜெகிலின் இறக்குமதிக் கருவியைப் பயன்படுத்தலாம். அதிலிருந்து ஹியூகோவுக்கு மாற்றும் கட்டளை ஹியூகோவிலேயே உண்டு. எச்டிஎம்எல்லாக வரும் உரையைப் பாண்டாக் என்ற வடிவமாற்றுக் கருவி மார்க்டவுனாக மாற்றித்தரும். மாற்றும்போதே உரையை யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியாகச் சேர்க்கும் வடிவம்) இயல்பாக்கிவிடுங்கள். பழைய தட்டச்சு மென்பொருள்கள் சில, ஒகரத்தை ஒற்றைக் குறியாக இடாமல் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாக இட்டிருக்கும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடலில் அகப்படாது.

தமிழ்த் தலைப்பிட்ட பதிவுகளுக்குப் பிளாகர் தமிழ் எழுத்தை விட்டுவிட்டு, ஆண்டு, மாதத்துக்குப் பின் 'பிளாக்-போஸ்ட்' என்றும் அதையடுத்து ஓர் எண்ணும் மட்டும் கொண்ட முகவரிகளைக் கொடுத்திருக்கும். நீங்கள் ஏற்கனவே சொந்த டொமைனில் பிளாகரை நடத்தியிருந்தால், முன்குறிப்பில் 'யூஆர்எல்' என்ற இடத்தில் அதே பழைய பாதையை அப்படியே இட்டுவிடுங்கள்; வெளியே உள்ள எந்த இணைப்பும் உடையாது. புதிய முகவரியும் வேண்டுமென்றால், பழைய பாதையை 'ஏலியாசஸ்' என்ற இடத்தில் இட்டால், ஹியூகோ அந்த இடத்தில் புதிய பக்கத்துக்குத் தானே அனுப்பும் சிறு பக்கமொன்றை உருவாக்கும். பிளாக்ஸ்பாட் முகவரியிலேயே இருந்தவர்களுக்கு இது முடியாது. பிளாகரின் திருப்பிவிடும் வசதி அதே தளத்துக்குள் மட்டுமே வேலை செய்யும். அவர்கள் பழைய தளத்தை அழிக்காமல், ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் புதிய இணைப்பைக் கொடுக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பதிவுகள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற முயல வேண்டாம். பிளாகரின் புள்ளிவிவரத்தில் இன்னமும் வாசிக்கப்படுபவை எவை என்று பார்த்து, அவற்றை முதலில் கொண்டுவாருங்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்தி மாற்றலாம், சிலவற்றை மாற்ற வேண்டாம் என்றும் அப்போது தோன்றும்.